ஒரு விரல் தளர்வு

புதுக்கடை நீதிமன்றத்தில் ஒன்பது பேரை
வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.
எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.
நான் கால்களைப் பார்த்தேன்.

நாற்பத்தொரு நாள் எனக்குக் கிடைத்த உலகம்
கண்கட்டின் அடியில் கசிந்த அந்த அரை அங்குலம்தான்:
சீமெந்துத் தரை, தேய்ந்த பாட்டா செருப்பு,
கறுத்துப்போன ஒரு பெருவிரல் நகம்.

செட்டியார் தெரு அடகுக் கடையில்
பதினாறு வருடம் கணக்கெழுதியவன் நான்.
வெள்ளவத்தையில் பாணும் முட்டையும் வாங்கித்
திரும்பும் வழியில் ஏற்றினார்கள்.
எங்கே வைத்திருந்தார்கள் என்று பொலீஸ் கேட்டது.
கோச்சி போன பிறகுதான் கடல் கேட்கும் இடம் என்றேன்.
காலி வீதி நெடுக அப்படித்தானே என்று
எழுதாமல் விட்டார்கள்.

முதல் ஐந்து நாள் அடி. அது வேறு ஆள்கள்.
(அப்படித்தான் நினைத்தேன். வேறு செருப்புகள்.)
ஆறாம் நாள் இவன் வந்தான்.
சித்தாலேப மணம். வறட்டு இருமல்.
மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீயை
ஊதி ஆற்றி என் உதட்டில் வைத்தான்.
அடியால் என்னை அழவைக்க முடியவில்லை.
அந்த ஊதலால் முடிந்தது.

ஒரு இரவு, உடைந்த தமிழில் கேட்டான்:
மருதானையில் மனிசியின் சங்கிலி, இரண்டு பவுண்,
பதினாலு மாதம், மீட்க எவ்வளவு?
கண் கட்டியபடியே வட்டி போட்டேன்.
கடைக்காரன் நாலாயிரம் கூடக் கேட்டிருக்கிறான் என்றேன்.
நெடுநேரம் சத்தமில்லை.
பிறகு சிரித்தான். முதல் தரம் "ஐயே" என்றான்.
மறுநாள் மணிக்கட்டுக் கயிறு
ஒரு விரல் அளவு தளர்ந்திருந்தது.

ஒரு விரல்.
அந்த இடைவெளிக்குள் ஒரு முழு மனிதனைக் குடிவைத்தேன்.
வரப் பிந்தினால் பதறினேன்.
சாப்பிட்டிருப்பானோ என்று யோசித்தேன்.
மற்றவர்கள் அவனை ஏசியபோது
எனக்குத்தான் காது சுட்டது.

பக்கத்து அறையில் ஒருவர் இருந்தார்.
இரவு முழுக்க முருகா முருகா என்பார்.
ஒரு விடியலில் அது நின்றது.
"கெதர கியா" என்றான் இவன். வீட்டுக்குப் போய்விட்டாராம்.
நான் சந்தோசப்பட்டேன். உண்மையாகவே.
அன்றைக்குத் தேநீரில் சீனி கூட
என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

வைத்தியர் இதற்கு ஒரு பெயர் சொன்னார்,
ஏதோ வெளிநாட்டு நகரத்தின் பெயர்.
நல்ல பெயர்தான். பனி பெய்யும் ஊராம்.
என் அறையில் வேர்த்தது.

எனக்குத் தெரிந்தது கடைக் கணக்கு.
அடகுக்கு வந்த சங்கிலியைத் துணியில் சுற்றி,
இலக்கமிட்டு, இரும்புப் பெட்டிக்குள் வைப்போம்.
இருட்டில் அதற்குத் தெரிந்த ஒரே கை
பூட்டுகிற கை.
எல்லாவற்றையும் எடுத்தவன்
ஒரு மிடறைத் திருப்பித் தரும்போது
எடுத்தது எந்தப் பேரேட்டிலும் இல்லை,
தந்தது மட்டும் கொட்டை எழுத்தில் நிற்கிறது.
பிழையான கணக்கு. தெரியும்.
பதினாறு வருடம் ஒரு சதம் பிசகாதவன் சொல்கிறேன்.
ஆனாலும் எத்தனை தரம் கூட்டினாலும்
அதே தொகைதான் வருகிறது.

என்னை மீட்டது அவனல்ல.
தவச்செல்வியின் தாலிக்கொடி, பதினொரு பவுண்.
எங்கள் கடையிலேயே விற்றாள்;
தராசு பிடித்தவர் என் முதலாளி.
இப்போது அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு.
அதையும் நினைத்துக்கொண்டுதான்
வரிசை நெடுக நடந்தேன்.

ஏழாவது ஆள். வெறுங்கால்.
கறுத்த நகத்தின் கீழ் புதுநகம் பாதி முளைத்திருந்தது.
நிமிர்ந்தேன். முதன்முதலாக முகம்.
இவ்வளவு சின்னப் பொடியன்.
என்னைப் பார்க்கவில்லை.
தொண்டைக்குள் இருமலை அடக்கிக்கொண்டு நின்றான்.

அது வெளியே வரட்டும் என்று நின்றேனா
வரக்கூடாது என்று நின்றேனா
நீதவான் இரண்டாம் தரம் கேட்டார்.
"இதில இல்லை ஐயா."

வெளியே வெயில். தவச்செல்வி குடையோடு நின்றாள்.
"என்னப்பா, அவன் நிண்டவனோ?"
"இல்லை."

புறக்கோட்டைப் பக்கம் இறங்கி
பஸ் தரிப்பிடம் வரை ஒன்றும் பேசவில்லை.
பிறகு, கயிற்றைச் சட்டைக்குள் தள்ளியபடி கேட்டாள்:
"பிறகேன் எல்லாற்ற காலையும்
பாத்துக்கொண்டு வாறியள்?"